ஆர்ப்பிங்டன் கோழி: கண்ணும் கணக்கும்

கோழியின் வடிவத்தையும் நிறத்தையும் இயற்கையே வகுத்ததாக நாம் எண்ணுகிறோம். அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்திருந்த ஆர்ப்பிங்டனில் பிறந்த இனமோ மனித விருப்பத்தின் படைப்பு. முன்னர்க் குதிரைவண்டி ஓட்டியாக இருந்த வில்லியம் குக், மினோர்க்கா, லாங்ஷான், பிளிமத் ராக் இனங்களைக் கலந்து 1886-இல் கரிய ஆர்ப்பிங்டனை உருவாக்கினார். முட்டை, இறைச்சி இரண்டுமே அவர் நோக்கம். கருநிறம் இலண்டன் புகைக்கரியை மறைக்கும் என்பதும் கணக்கு. 1894-இல் பொன்னிற வகை வந்தது.

கண்காட்சிகள் பெருகியபோது, பருத்த உடலும் அடர்ந்த இறகுமே பரிசுக்குரியனவாயின. பிறர் கொச்சின், லாங்ஷான் கலப்பால் அவ்வடிவை வளர்த்தனர், முட்டை குறைந்தது. அதே குருதியை ஆஸ்திரேலியர் முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்க, ஆஸ்ட்ரலார்ப் இனம் தோன்றிற்று. 1922–23-இல் அவ்வினத்தின் 6 கோழிகள் 365 நாட்களில் 1857 முட்டைகள் இட்டன. மூலம் ஒன்றே, தேர்ந்தெடுத்த கண்கள்தாம் வேறு.