மழை தந்த லீவு: யாழ்ப்பாணத் தோட்டமும் கோடை முடிவும்

யாழ்ப்பாணத்தில் தோட்டம் எண்டால் முற்றத்தில் நிற்கிற குரோட்டனும் ரோசாவும் இல்லை. செம்மண் தறை, கிணறு, வாய்க்கால், பாத்தி. அதில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி. வயல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், தோட்டம் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகத்தில் பராக்கிரமபாகுவின் குளங்களைப் பாடமாக்கின நாங்கள், கோப்பாயிலயும் உரும்பிராயிலயும் புன்னாலைக்கட்டுவனிலயும் கையால் தோண்டின கிணறுகளைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கிணறுகளைப் பற்றியது. குறிப்பாக, அவை ஓய்வெடுத்த நாட்களைப் பற்றியது.

குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒண்டும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் உயிர்க்கிற ஓடைதான். வருச மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குப் போனவர்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்: மேல்தண்ணி நல்லது, ஆழம் போகப் போக உப்பு. தையிலிருந்து புரட்டாதி வரைக்கும் தோட்டம் குடிக்கிறது இந்த மேல்தண்ணியைத்தான். சித்திரையில் எப்பவாவது ஒரு மழை பெய்யும், அதை நம்பி ஒருத்தரும் கண்டு நடுவதில்லை.

ஆகவே எங்கட ஊர்த் தோட்டக்காரருக்குக் கோடை முடிவதென்பது வெயில் குறைகிற விசயமில்லை. இறைப்பு நிற்கிற விசயம்.

இறைப்பு எண்டால் என்ன வேலை எண்டு இண்டைக்கு சுவிட்சைத் தட்டித் தண்ணி எடுக்கிற எங்களுக்கு விளங்காது. கிணற்றடியில் இரண்டு ஆடுகால். அதுக்கு மேலே அச்சில் நீளமான துலாமரம். அதன் நுனியில் கயிறு, கயிற்றில் பட்டை. முதலில் பனையோலைப் பட்டை, பிறகு தகரப் பட்டை. ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பார்கள். முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னுக்கு நடந்தால் நிறைஞ்சு மேலே வரும். கிணற்று வாயில் ஒருவர் பட்டையைப் பிடிச்சுத் தொட்டியில் கவிழ்ப்பார். தோட்டத்துக்குள் இன்னொருவர் மண்வெட்டியோடு நிண்டு, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவார். வெயில் ஏற முதல் முடிக்கவேண்டும் எண்டு விடியப்புறம் இருட்டோட தொடங்குவார்கள், நிலவு காலத்தில் நடுச்சாமத்திலயும் இறைப்பார்கள். நித்திரை தூங்கினால் துலாவிலிருந்து விழவேண்டியதுதான். அதனால்தான் எண்ணிக்கையோடு சேர்த்துப் பாட்டும் பாடினார்கள். நாட்டார் பாடல் பாடத்தில் 'தொழிற்பாடல்' எண்ட தலைப்புக்குக் கீழே எங்களுக்கு வந்தது இந்த விழிப்புத்தான்.

இப்படி மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா, மாதக்கணக்கில். கிணறு பங்குக் கிணறாக இருந்தால் முறை வைச்சு இறைக்கவேண்டும், முறை தப்பினால் பயிர் வாடும், முறையை மீறினால் சண்டை. கோட்டுப்படி ஏறின கிணற்றுப் பங்கு வழக்குகள் பற்றி ஒவ்வொரு ஊரிலயும் ஒரு கதை இருக்கும்.

ஆவணியில் நல்லூர்க் கொடி இறங்கி, புரட்டாதி பிறக்க, கிணற்றின் அடி தெரியத் தொடங்கும். துலாக்கயிற்றை நீட்டிக் கட்டவேண்டி வரும். கடைசி மிளகாய் ஆய்ஞ்சு, வெங்காயம் கிண்டி, விதை வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் குசினிக் கூரைக்குக் கீழே தூக்கின பிறகு, எல்லாரும் வடகீழ் மூலையைப் பார்ப்பார்கள். முதல் மழை மண்ணை நனைச்சவுடனே இறைப்பு நிற்கும். யாரும் அறிவிக்காத விடுமுறை அது.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த லீவு யாருக்கு?

எமர்சன் டெனன்ட் எழுதி 1859இல் வெளியான 'சிலோன்' நூலில் யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் தோட்டங்களும் வருகின்றன. அந்தக் காலத்திலிருந்து 'கடும் உழைப்பாளி யாழ்ப்பாணத்தான்' எண்ட பிம்பம் ஒண்டு ஓடிக்கொண்டே இருக்கு. நாங்களும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஆக்கள்தான். ஆனால் நிலத்தின் சொந்தக்காரரும் துலா மிதித்தவரும் எப்பவும் ஒரே ஆள் இல்லை. சிறு தோட்டக்காரர் தாங்களே குடும்பமாக இறைச்சது உண்மை. நிலம் கூடின வீடுகளில் துலாவில் ஏறினது பெரும்பாலும் நளவர், பள்ளர் சமூகத்து மனிதர்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் இவர்களை அடிமைகளின் பட்டியலில் வைச்சு, யார் யாருக்குச் சொந்தம் எண்டு விதி எழுதியது. 1844இல் ஆங்கிலேயர் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். நிலமும் கிணறும் பழைய கைகளிலேயே இருந்தன. அடிமை எண்ட சொல் போய், குடிமை எண்ட சொல்லும் வாரமும் கூலியும் நிண்டன.

துலா மிதித்து இறைச்ச தண்ணி ஆயிரக்கணக்கான கண்டுகளுக்குப் போகும். அதே ஆள் குடிக்கத் தண்ணி வேண்டுமெண்டால், ஆதிக்க சாதியாரின் நல்ல தண்ணிக் கிணற்றடியில் குடத்தோட காத்து நிற்கவேண்டும், யாராவது வந்து அள்ளி ஊத்தும் வரைக்கும். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' எண்டே பெயர் வைச்சார். வேறு பெயர் தேடவேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது.

இப்ப அந்த லீவுக்கு வருவம். மழை வந்து இறைப்பு நிண்டால், நிலக்காரருக்கு ஆறுதல். கூலிக்கு மிதித்தவருக்கு அண்டையோட கூலி நிண்டது. அது மட்டுமில்லை. பனையில் கள்ளுச் சீவுகிற காலமும் கோடையோடுதான் முடியும், ஈரப் பனையில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. தோட்டமும் பனையும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தும். எங்கட இலக்கியத்தில் மாரி எப்பவும் குளிர்ச்சி, பசுமை, தவளைச் சத்தம். கூலிக் குடும்பங்களில் கேட்டால் மாரி எண்டால் அடுப்பு ஈரம். பகுதி பகுதியாக நெல் விதைப்பு, களை பிடுங்கு எண்டு கொஞ்ச வேலை இருக்கும், எல்லாருக்கும் காணாது.

பெண்களுக்கோ லீவு எண்ட சொல்லே பொருந்தாது. ஆம்பிளைகள் இறைப்பை விட்டுக் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து வெத்திலை போடுகிற அந்த வாரங்களில்தான் வீட்டில் பனம்பழ வேலை உச்சம். ஆவணி புரட்டாதியில் விழுகிற பழத்தைப் பொறுக்கி, பிசைஞ்சு, களியைப் பாயில் ஊத்திப் பனாட்டுக் காயவைக்கவேண்டும், அதுவும் மழைக்கு முதல். மிஞ்சின கொட்டைகளை மழை ஈரத்தில் பாத்தி போடவேண்டும். தையில் கிழங்கு வருவது அந்தப் பாத்தியில்தான். விறகு, ஒடியல், விதை, எருவாட்டி எல்லாத்தையும் நனையாமல் ஏத்தவேண்டும். கூரையும் வேலியும் மாத்தினால் உக்கின பழைய ஓலையைச் சுமந்து தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பசளையாகத் தாக்கவேண்டும். இந்த வேலைகளுக்குக் கூலிக் கணக்கு இல்லை, அதனால் எந்த அறிக்கையிலயும் இல்லை.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் பரவியது. துலா மெல்ல மெல்ல விறகாகியது. நாலு பேர் விடியவிடிய செய்த வேலையை ஒரு மெசினும் ஒரு மண்வெட்டியும் இரண்டு மூண்டு மணித்தியாலத்தில் முடித்தன. இது ஒரு விடுதலையா எண்டு எங்களுக்குள்ளயே வாக்குவாதம் நடந்தது. துலாவிலிருந்து மனிதர் இறங்கினது நல்லதுதான், அதில் சந்தேகம் இல்லை. அவர்கள் இறங்கி எங்கே போனார்கள் எண்டதைத்தான் ஒருத்தரும் எழுதவில்லை. மெசின் வாங்கினது நிலக்காரர். இதே காலத்தில்தான் 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் ஒண்டும் மாறாததால்தான் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. சுன்னாகம் தோட்டங்களின் நடுவில் இருக்கிற ஊர், ஒக்டோபர் கடைசி இறைப்பு ஓய்கிற காலம். இரண்டையும் நாங்கள் முடிச்சுப்போட வரவில்லை, தற்செயலாகவே இருக்கட்டும்.

மெசின் இன்னொண்டையும் செய்தது. மனிதக் கால் களைத்த இடத்தில் துலா நிண்டுவிடும், கிணறு ஊறும். மெசினுக்குக் களைப்பு இல்லை. எண்ணெய் இருக்கும்வரை இறைக்கும். 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தினபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அள்ளிக் கொடுத்த காலம் வந்தது. வேலையில்லாத படிச்ச பொடியள் விசுவமடு, முத்தையன்கட்டு எண்டு காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். கல்வீடுகள் எழும்பின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலையை உடைச்சது. உடையாமல் மிஞ்சினது கூடுதலாக இறைக்கிற பழக்கமும் கூடுதலாக உரம் போடுகிற பழக்கமும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கரையோரக் கிணறுகள் உவராகிக்கொண்டு போகின்றன. துலாக் காலத்து மனிதர் விரும்பாமலே கிணற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள் எண்டு சொல்லலாம். அந்த ஓய்வின் விலையை அவர்களின் முழங்கால்கள் கட்டின. ஆகவே 'பழைய முறைக்குத் திரும்புவோம்' எண்டு லேசாக எழுதுகிற கட்டுரைகளை வாசிச்சால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது. திரும்பிப் போய் ஆர் மிதிக்கிறது?

1990இல் போர் திரும்பத் தொடங்கி, மண்ணெண்ணெய் தடைப்பட்ட பொருட்களில் ஒண்டாகியபோது மெசின்கள் ஊமையாகின. ஜாம் போத்தல் விளக்குக்கே சொட்டுக் கணக்கில் எண்ணெய் ஊத்தின காலத்தில், ஒரு தறைக்குத் தண்ணி இறைக்க எவ்வளவு எண்ணெய் தேவை எண்டு யோசியுங்கள். வலிகாமம் வடக்கின் தோட்டங்கள் பல உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. அங்கே இறைப்பு நிண்டது மழையால் இல்லை.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொல்லி அறிவித்தல். இலட்சக்கணக்கான சனம் கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தது. நாங்கள் அப்ப பிறக்கவில்லை. வீடுகளில் கதைக்கும்போது தோட்டக்காரக் குடும்பங்கள் ஒரு விசயத்தைச் சொல்லும்: இறைப்பு இல்லாத மாதம் எண்டபடியால் தோட்டம் கொஞ்ச நாள் தாங்கும் எண்டு நினைச்சார்களாம். மழை பார்த்துக்கொள்ளும், நாங்கள் திரும்பி வந்து நடுவம் எண்டு. விதை வெங்காயம் குசினிக் கூரையில் தொங்கினபடியே கிடந்தது. கனபேர் திரும்பி வந்தது அடுத்த சித்திரை, வைகாசியில். ஒரு முழு நடுகைக் காலம் போயிருந்தது.

எங்கட காலத்துக்கும் இதே கணக்கு வந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய். ஓகஸ்ட் எண்டால் கோடையின் கடைசி, கிணறு அடியில் கிடக்கிற, மெசின் கூடுதலாக ஓடவேண்டிய மாதம். கரண்ட் மோட்டர் வைச்சவர் தப்பினார். எண்ணெய் மெசின்காரர் பலர் பாத்திகளைக் குறைச்சார்கள், சிலர் அந்த வருசம் மழைக்கு முதலே நிறுத்தினார்கள். அதுக்கும் யாரும் லீவு எண்டு பெயர் வைக்கவில்லை.

துலாவில் ஏறி நடந்த கடைசித் தலைமுறைக்கு இப்ப எண்பது வயசுக்குக் கிட்ட. எங்கட குழுவில் மூண்டு பேர் தங்கட ஊர்களில் இப்படியானவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கினம். பாட்டுக் கேட்டால் உடனே பாடிக் காட்டுகினம், சிரிச்சுக்கொண்டு. துலாவின் பாகங்களைக் கேட்டால் மண்ணில் கீறிக் காட்டுகினம். இறைப்பு நிண்ட பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் என்ன சமைச்சது எண்டு கேட்டால்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கினம். நீங்களும் உங்கட ஊரில் ஒரு ஆச்சியிட்டயோ அப்புவிட்டயோ அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. மழை தொடங்க முதல் போனால் நல்லது, இப்ப பின்னேரங்களில் அவர்கள் வெளித் திண்ணையில்தான் இருப்பினம்.