இடைக்கால விவிலிய விளக்கமும் மறையுரையும்

இடைக்கால ஐரோப்பாவில் விவிலியத்தை விளக்குவதும் மறையுரை ஆற்றுவதும் ஒரே பணியின் இரு நிலைகளாகக் கருதப்பட்டன. 1197-இல் மறைந்த பேதுரு, பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் பாடகர் தலைவர். விவிலியக் கல்வியை அவர் ஒரு கட்டடமாகக் கண்டார். பாடம் வாசித்தல் அடித்தளம், வாதித்தல் சுவர், மறையுரை கூரை. வகுப்பறையோடு நின்றுவிடும் படிப்பை அவர் முழுமையானதாக ஏற்கவில்லை.

விளக்கத்துக்கு அடிப்படையாக இருந்தது நால்வகைப் பொருள் கோட்பாடு. எருசலேமே வழக்கமான எடுத்துக்காட்டு: வரலாற்றில் யூதர்களின் நகரம், உருவகத்தில் திருச்சபை, ஒழுக்கப் பொருளில் மனித ஆன்மா, இறுதி நோக்கில் விண்ணகம். மறையுரையாளர்கள் மிகுதியும் நாடியது ஒழுக்கப் பொருளை. திருத்தந்தை முதலாம் கிரகோரி யோபு நூலுக்கு எழுதிய விரிவுரை இதற்கு நெடுங்காலம் வழிகாட்டியது. துறவிகளுக்கு ஆற்றிய உரைகளாகவே அது தொடங்கியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம், தகுதியான மறையுரையாளர்களை நியமிக்குமாறு ஆயர்களுக்கு ஆணையிட்டது. மறு ஆண்டே, மறையுரையையே தன் பணியாகக் கொண்ட தொமினிக்கன் துறவு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. தேவை பெருகவே கருவிநூல்கள் வந்தன. செயின்ட் ஷேர் ஹியூவின் வழிகாட்டலில் பாரிஸ் தொமினிக்கர்கள் விவிலியச் சொல்லடைவைத் தொகுத்தனர். ஒரு சொல்லின் பல பொருள்களை வசனச் சான்றுடன் அடுக்கும் தொகுப்புகளும் பரவின. மறையுரையாளர் ஒரு வசனத்தை எடுத்து, பெரும்பாலும் மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் வேறு வசனங்களால் நிறுவுவார். இம்முறையைச் செயற்கை என்று ஒதுக்குவது நியாயமல்ல. எழுத்தறியாத மக்களுக்கு விவிலியம் பெரிதும் செவிவழியாகவே போய்ச் சேர்ந்ததால், கேட்டதை நினைவில் நிறுத்த இத்தகைய பகுப்பு உதவியது.