சோமாலியப் பஞ்சமும் பணவுதவிக் கூட்டமைப்பும்

2011ஆம் ஆண்டு சோமாலியாவின் தெற்குப் பகுதியில் பஞ்சம் ஏற்பட்டபோது, தானிய மூட்டைகளுக்குப் பதிலாக மக்களின் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பதற்காக நான்கு தொண்டு அமைப்புகள் சேர்ந்து உருவாக்கியது பணவுதவிக் கூட்டமைப்பு. சோமாலியர்களால் தொடங்கப்பட்ட ஏடெசோ, பிரான்சின் ஆக்சியோன் கோந்த்ர் லா ஃபாம், டேனிய அகதிகள் மன்றம், சேவ் தி சில்ட்ரன் ஆகியவை அந்த நான்கும். நாடு முழுவதற்குமான அரசு இல்லாத, வங்கிகள் இல்லாத, ஆயுதக் குழுவின் பிடியிலிருந்த நிலத்தில் இந்தப் பணி நடந்தது. போர்ச்சூழலில் பணவுதவி சாத்தியமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இன்றும் இந்த நிகழ்வே முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

சியாத் பாரேயின் ஆட்சி 1991 ஜனவரியில் வீழ்ந்தது. அத்துடன் மைய வங்கியும் செயலிழந்தது. அதன்பின் அரசு புதிய சில்லிங் நோட்டு எதையும் அச்சிடவில்லை. பழைய நோட்டுகளும் தனியார் அச்சடித்த கள்ள நோட்டுகளும் கலந்தே புழங்கின. புழக்கத்திலிருந்த நோட்டுகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு கள்ள நோட்டுகள் என்று பன்னாட்டு நாணய நிதியம் பிற்காலத்தில் மதிப்பிட்டது. ஆனாலும் சந்தை நிற்கவில்லை. சில்லறைக்குச் சில்லிங், பெரிய தொகைக்கு அமெரிக்க டாலர் என்று வணிகர்கள் தாங்களே ஒரு ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டனர். அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியவை மொகடிஷு, பொசாசோ, பெர்பெரா துறைமுகங்கள் வழியாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

2010ஆம் ஆண்டின் இறுதியில் பெய்திருக்க வேண்டிய 'தேய்ர்' மழை பொய்த்தது. அடுத்து 2011 ஏப்ரலில் தொடங்க வேண்டிய 'கூ' மழையும் சரியாகப் பெய்யவில்லை. சோளம் விளையவில்லை, மாடுகள் மடிந்தன, சோளத்தின் விலை பல மடங்காக ஏறியது. வறட்சி அந்நாட்டுக்குப் புதிதல்ல. அதைப் பஞ்சமாக மாற்றியது அரசியல். தெற்கின் பெரும்பகுதி அல்-சபாப் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அமெரிக்கா அந்த இயக்கத்தை 2008இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்ததால், அதன் கைக்கு ஒரு மூட்டை போய்ச் சேர்ந்தாலும் சட்டச் சிக்கல் வரும் என்ற அச்சத்தில் அமெரிக்க நிதி வெகுவாகக் குறைந்தது. மிரட்டல்களும் வரி கேட்புகளும் தாங்காமல் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியில் தெற்கிலிருந்து வெளியேறியது. இரண்டு மாதங்களில், உணவு உதவியில் பாதிவரை ஒப்பந்தக்காரர்களாலும் ஆயுதக் குழுவினராலும் திசைதிருப்பப்படுவதாக ஐ.நா. கண்காணிப்புக் குழுவின் அறிக்கை கூறியது.

முன்னெச்சரிக்கை அமைப்புகள் 2010 ஆகஸ்டு முதலே எச்சரித்து வந்தன. ஆயினும் 2011 ஜூலை 20 அன்றுதான் தெற்கு பக்கூல், கீழ் சபெல்லே ஆகிய பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. அறிவித்தது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர் பஞ்சத்தால் மடிந்ததாக 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அறிவிப்பு வருவதற்கு முன்பே இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிட்டனர். பின்னால் வரும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பணம் என்ற எண்ணம்

பஞ்சத்தில் கடையில் தானியம் இருக்கும், வாங்கப் பணம் இருக்காது என்பதை 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எழுதியிருந்தார். ஆனால் உதவி நிறுவனங்கள் கப்பலிலும் லாரியிலும் மூட்டை அனுப்பிப் பழகியவை. பணம் கொடுத்தால் துப்பாக்கிக்காரன் பறித்துக்கொள்வான், ஆண்கள் காட் இலைக்குச் செலவழிப்பார்கள், விலைவாசி ஏறும் என்பன வழக்கமாகச் சொல்லப்பட்ட மறுப்புகள்.

இந்த மறுப்புகளுக்கு விடை சோமாலியாவின் உள்ளிருந்தே வந்தது. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் ஃபாத்திமா ஜிப்ரெல் 1991இல் ஹார்ன் ரிலீஃப் என்ற அமைப்பை நிறுவியிருந்தார். ஏடெசோ என்று பின்னர் பெயர் மாறியது அதுவே. 2003–04இல் வடக்கே சூல், சனாக் பகுதிகளில் பல ஆண்டு வறட்சியில் மந்தைகள் அழிந்தபோது, நார்வே மக்கள் உதவி அமைப்புடன் சேர்ந்து 13,830 குடும்பங்களுக்குத் தலா 50 டாலரை ரொக்கமாக ஹார்ன் ரிலீஃப் வழங்கியது. பணம் பெற்ற இடையர் குடும்பங்கள் அதைக் கொண்டு உணவும் தண்ணீரும் வாங்கின, கடனை அடைத்தன. எட்டு ஆண்டுகளுக்குப் பின் தெற்கில் பஞ்சம் வந்தபோது அதே அமைப்பு, ஃபாத்திமாவின் மகள் டெகன் அலியின் தலைமையில், பணவுதவிக்காக வாதாடிய குரல்களில் முதன்மையானதாக இருந்தது.

ஹவாலா

வங்கி இல்லாத ஊரில் பணம் எப்படிப் போய்ச் சேரும்? ஹவாலா என்றால் தமிழ்நாட்டில் கறுப்புப் பணம்தான் நினைவுக்கு வரும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களுக்கு இதே முறை உண்டியல் என்ற பெயரில் பழக்கம். சோமாலியருக்கோ இதுவே வங்கி. லண்டனிலோ மினியாபொலிசிலோ ஒருவர் முகவரிடம் பணம் கட்டினால், சோமாலியச் சிற்றூரில் உள்ள முகவர் அதே தொகையைத் தன் கையிருப்பிலிருந்து உறவினருக்குக் கொடுத்துவிடுவார். முகவர்களுக்கு இடையிலான கணக்கு பின்னர் நேர்செய்யப்படும். பெறுபவரை அடையாளம் காண அவருடைய குலமும் பாட்டன் பெயரும் போதும். புலம்பெயர்ந்தோர் இவ்வழியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் அனுப்புவதாக 2013இல் மதிப்பிடப்பட்டது. நாட்டுக்கு வந்த பன்னாட்டு உதவியைவிட இது அதிகம்.

1970இல் முகமது சயீத் துவாலே தொடங்கிய தஹாப்ஷீல் இத்தகைய நிறுவனங்களில் பெரியது. அதற்கு முன் முதலிடத்தில் இருந்த அல்-பரகாத்தை 2001 நவம்பரில் அமெரிக்கா பயங்கரவாத நிதியளிப்புக் குற்றச்சாட்டில் முடக்கியது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் ஆய்வாளர்கள் அந்தக் குற்றச்சாட்டுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்று பின்னர் எழுதினர். அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் முடங்கிப் போயிருந்தது.

கூட்டமைப்பு பயன்படுத்தியது இந்த வலையமைப்பையே. தொண்டு அமைப்பின் ஊழியர் பணப்பையுடன் சாலையில் செல்ல வேண்டியதில்லை. பணத்தை ஊருக்குக் கொண்டுபோகும் பொறுப்பு ஹவாலா நிறுவனத்தினுடையது. மக்கள் பெற்றுக்கொண்டதற்கான சான்று வந்த பிறகே நிறுவனத்துக்குத் தொகை செலுத்தப்படும் வகையிலும் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. வழியில் கொள்ளை போனால் இழப்பு நிறுவனத்துக்கே. ஆகவே எந்தப் பாதை பாதுகாப்பானது, எந்த ஊரில் யாரிடம் பேச வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொண்டனர்.

கூட்டமைப்பு செய்த வேலை

பணம் சென்று சேர்வதைவிடக் கடினமானது பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு ஊரிலும் நிவாரணக் குழு அமைக்கப்பட்டது. முதியவர்கள், பெண்கள், சமயப் பெரியவர்கள் அதில் இருந்தனர். மிக வறிய குடும்பங்களின் பட்டியலை அவர்கள் தயாரித்தனர். அது ஊர் நடுவே வாசிக்கப்பட்டு, ஆட்சேபணை கேட்கப்பட்டது. பதிவு பெரும்பாலும் குடும்பத்தின் பெண் பெயரில் செய்யப்பட்டது. உள்ளூர் விலை நிலவரத்தின்படி ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைக்கான பொருள்களின் மதிப்பு கணக்கிடப்பட்டு, பகுதிக்கேற்ப மாதம் ஏறத்தாழ 75 முதல் 125 டாலர் வரை வழங்கப்பட்டது.

கூட்டாகச் செயல்பட்டதன் பயன் இங்கேதான் தெரிந்தது. அடுத்தடுத்த ஊர்களில் இரண்டு அமைப்புகள் வெவ்வேறு தொகை கொடுத்தால் மக்கள் அதிகம் கிடைக்கும் ஊருக்கு நடப்பார்கள். ஒரே குடும்பம் இரண்டு பட்டியல்களில் ஏறும். கண்காணிப்பும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. பணம் வழங்கிய பிறகு மக்களிடம் தொலைபேசியில் பேசி, எவ்வளவு கிடைத்தது, யாராவது பங்கு கேட்டார்களா என்று விசாரிக்கும் முறை கையாளப்பட்டது. தெற்குச் சோமாலியாவுக்குள் வெளிநாட்டு ஊழியர் எவரும் காலடி வைக்க முடியாத நிலையில், மேலாண்மை பெரும்பாலும் நைரோபியிலிருந்தே நடந்தது. களத்தில் ஆபத்தைச் சுமந்தவர்கள் சோமாலிய ஊழியர்களும் உள்ளூர்ப் பங்காளி அமைப்புகளும்தான்.

இந்நான்கு அமைப்புகளோடு ஐ.நா. சிறுவர் நிதியத்தின் நிதியுதவி பெற்ற பிற தொண்டு அமைப்புகளும் இதே வழியில் இறங்கின. பணமும் பற்றுச்சீட்டும் சேர்ந்து 2011–12இல் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை எட்டின. அஞ்சியபடி விலைவாசி ஏறவில்லை. வாங்குவோர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வணிகர்கள் சரக்கைக் கொண்டுவந்தனர். ஆண்டின் இறுதியில் நல்ல மழையும் பெய்ததால் சோளத்தின் விலை இறங்கத் தொடங்கியது. மக்கள் பணத்தை முதலில் உணவுக்கும் அடுத்துக் கடன் அடைக்கவும் செலவிட்டனர். பஞ்ச நிவாரணம் கடனுக்குப் போவதா என்று கொடையாளர் சிலர் கேட்டனர். ஆனால் பழைய கடன் அடைந்தால்தான் கடைக்காரர் மறுபடி கடனுக்குச் சரக்குக் கொடுப்பார். அடுத்த மாதப் பணம் தாமதமானாலும் அடுப்பு எரிவது அதனால்தான்.

குறைகளும் இருந்தன. இடம்பெயர்ந்தோர் முகாம்களை நடத்திய இடைத்தரகர்களும் உள்ளூர் அதிகாரம் படைத்தவர்களும் சில இடங்களில் மக்களிடமிருந்து பங்கு பிடுங்கினர். உணவுக்கு நேர்ந்தது பணத்துக்கும் நேர்ந்தது. அளவில்தான் வேறுபாடு. குலப் பாகுபாடு இன்னும் ஆழமானது. பஞ்சத்தில் அதிகம் மடிந்தவர்கள் ஆற்றங்கரை உழவர்களான பாண்டு மக்களும் ரகன்வெய்ன் குலத்தாரும். வெளிநாட்டில் உறவினர் இருந்த குலங்களுக்கு ஹவாலாவில் பணம் வந்தது. இவர்களுக்கு அப்படி அனுப்ப ஆள் குறைவு. நிவாரணக் குழுக்களிலும் இவர்கள் குரல் தாழ்ந்தே ஒலித்தது. ஏற்கெனவே இருந்த நம்பிக்கை வலையின் மீது உதவி ஏறி வந்ததே அதன் பலம். ஆனால் அந்த வலைக்கு வெளியே இருந்தவர்களை எட்டுவது இறுதிவரை கடினமாகவே இருந்தது.

மிகப் பெரிய குறை காலதாமதம். பணத்தை அனுப்பும் வழி 2010இலேயே இருந்தது. சந்தையும் இருந்தது. முன்னனுபவமும் இருந்தது. எனினும் பெரும் நிதி பஞ்ச அறிவிப்புக்குப் பிறகே வந்தது. அமெரிக்கா தன் சட்டக் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதாக அறிவித்தது 2011 ஆகஸ்டில். தவறான கையில் சிறிதளவு பணம் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம், பணமே சேராததால் நேரும் சாவைவிடப் பெரிதாகக் கருதப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. மறுபுறம், நவம்பர் 28 அன்று அல்-சபாப் 16 உதவி அமைப்புகளைத் தன் பகுதிகளில் தடைசெய்தது. கூட்டமைப்பின் உறுப்பான டேனிய அகதிகள் மன்றமும் அவற்றில் ஒன்று. 2012 பிப்ரவரி 3 அன்று பஞ்சம் முடிந்ததாக ஐ.நா. அறிவித்தது.

பின்வந்த ஆண்டுகள்

ஹவாலாவுக்கு அடுத்த இடர் லண்டனிலிருந்து வந்தது. பணச்சலவைச் சட்டங்களைக் காரணம் காட்டி பார்க்லேஸ் வங்கி 2013இல் தஹாப்ஷீலின் கணக்கை மூட முயன்றது. நிறுவனம் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றது. ஆனால் சிறிய ஹவாலா நிறுவனங்களுக்கு வழக்காடும் வசதி இல்லை.

இதற்கிடையில் பணம் கைபேசிக்கு மாறியது. வடக்கே டெலிசோமின் 'ஜாத்' சேவை 2009இலும், தெற்கே ஹோர்மூதின் 'ஈவிசி பிளஸ்' 2011இலும் தொடங்கின. பதினாறு வயதுக்கு மேற்பட்ட சோமாலியரில் 73 விழுக்காட்டினர் கைபேசிப் பணத்தைப் பயன்படுத்துவதாக 2018இல் உலக வங்கி கூறியது. அதே ஆண்டில் கன்சேர்ன் வேர்ல்டுவைடின் தலைமையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், புதியதொரு சோமாலியப் பணவுதவிக் கூட்டமைப்பு உருவானது. நார்வே, டேனிய அகதிகள் மன்றங்களும் சேவ் தி சில்ட்ரனும் ஆக்டெட், கூப்பி அமைப்புகளும் அதில் சேர்ந்தன. முகவரின் கடை முன் வரிசையில் நிற்க வேண்டிய நிலை பெரும்பாலும் மறைந்தது.

2022இல் தொடர்ந்து பல பருவங்கள் மழை பொய்த்தபோது பைடோவா, புர்ஹகாபா வட்டாரங்களில் பஞ்சம் நெருங்கிவிட்டதாக ஐ.நா. எச்சரித்தது. இம்முறை உதவி முன்னதாக வந்தது. பஞ்சம் அறிவிக்கப்படவில்லை. ஆயினும் அவ்வாண்டில் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று மறு ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

2023இல் ஐ.நா. விசாரணை ஒன்று, உதவி பரவலாகத் திசைதிருப்பப்படுவதை வெளிப்படுத்தியது. முகாம் நிலத்தின் உரிமையாளர்களும் இடைத்தரகர்களும் ஆயுதம் ஏந்தியவர்களும் இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் அவர்கள் பெற்ற பணத்தில் பங்கு கேட்டனர். கொடுக்க மறுத்தவர்கள் முகாமிலிருந்து விரட்டப்படும் அபாயமும் அடுத்த பட்டியலில் பெயர் விடுபடும் அபாயமும் இருந்தன. இதையடுத்து செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உலக உணவுத் திட்டத்தின் சோமாலியப் பணிக்கான நிதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. கைபேசிக்கு வந்த பணம் முழுத் தொகையாகவே வந்தது. பறிப்பு நடந்தது அதற்குப் பிறகு, கூடாரத்தின் வாசலில்.