அப்பம்ம்~1

டென்மார்க்கில், ஹேர்னிங் வீட்டில், அப்பாவின் அலுமாரியிலிருந்து ஒரு பழைய பிளொப்பியை எடுத்தேன். அதில் ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒன்பது கோப்புகள்: அப்பம்ம்~1 முதல் அப்பம்ம்~9 வரை. "அப்பமா?" என்று மகள் சிரித்தாள்.

அப்பம்மா ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் அவை. அப்பா பாமினி எழுத்துருவில் தட்டிவைத்தவர். அவர் இருந்த இடத்தையும் மாதத்தையும் கடிதத்துக்குள் தட்டாமல் கோப்பின் பெயரிலேயே எழுதினார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பிளொப்பியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் தேடியபோதுதான் வரலாறு புரிந்தது. டொஸ் காலத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு. அதில் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று, அவ்வளவுதான். 1995 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்துவரை இடம் கொடுத்தது. ஆனால் பழைய மென்பொருள்களும் ஓட வேண்டுமே! ஆகவே நீண்ட பெயர் வைத்த கோப்புக்கு இரண்டு பெயர்கள். முதல் ஆறெழுத்தோடு நெளிகோடும் எண்ணும் சேர்ந்தது குறும்பெயர். முழுப்பெயரோ பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கப்பட்டு, குறும்பெயருக்கு முன்னுள்ள பதிவுகளில் மறைந்திருக்கும். பழைய மென்பொருள் அந்தப் பதிவுகளைத் தாண்டிப் போய்விடும். அப்படியொன்றால் பிரதி எடுத்தால் குறும்பெயர் மட்டுமே போய்ச் சேரும். அப்பாவும் அப்படித்தான் பிரதி எடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் அறிந்தேன். மறைந்திருந்த அந்தப் பதிவுகள் யுனிகோட்டில் எழுதப்பட்டவை. யுனிகோட்டில் 1991 முதலே தமிழ் உண்டு. எனவே தமிழ்ப் பெயருக்கான இடம் வட்டில் 1995இலேயே இருந்தது. அதைத் தமிழில் தட்டுவதற்கு விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'யாழ்ப்பாணம்' நமக்கு ஆறெழுத்து, யுனிகோட்டில் 11 குறியீடு. ஒரே பதிவுக்குள் அடங்கிவிடும்.

கோப்புகளின் திகதிகள் தப்பியிருந்ததால் கடிதங்களை வரிசைப்படுத்த முடிந்தது. ஒவ்வொன்றாய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாவகச்சேரி, கிளிநொச்சி, மல்லாவி என்று ஏழு கடிதங்களுக்கு இடம் சொன்னார். தமிழிலேயே பெயரிட்டு வைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் கேட்டபின் வெகுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவை இன்னும் அப்பம்ம்~6, அப்பம்ம்~8.