பெயரை யார் எழுதுவது? திருவருட்பா முதல் கிட் வரை பங்களிப்பாளர் அடையாளம்

பலர் கைகோத்து ஆக்கும் படைப்பில் உழைத்தவரின் பெயர் எப்படிப் பதிய வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் இன்று திணறும் இந்தக் கேள்விக்குக் கடலூர் வட்டாரத்தில் ஒரு முன்வரலாறு உண்டு.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், தம் பாடல்களை அச்சேற்ற எளிதில் இசையவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளை உணவே கொள்வதென இறுக்கம் இரத்தின முதலியார் உறுதி பூண்ட பின்புதான் இசைந்தார். தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து வகுக்க, திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. இதற்கிடையே இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதமொன்றில், தம்மை 'இராமலிங்கசாமி' என வழங்குவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அடிகள் மறுத்திருந்தார். கடிதங்களில் அவர் இட்ட ஒப்பம் 'சிதம்பரம் இராமலிங்கம்'. நூல் வந்ததோ 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்ற பட்டத்தோடு. 'திருவருட்பா', 'திருமுறை' ஆகிய பெயர்களைச் சாடி ஆறுமுக நாவலர் தரப்பு எழுப்பிய பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. பெயர் வைத்தவர்கள் அன்பர்கள். அதன் சுமையைத் தாங்கியவர் அடிகள். பங்களிப்பாளரின் விருப்பத்தைப் பதிப்பாளரின் மரியாதை மீறிய நிகழ்வாகவே இதை நான் வாசிக்கிறேன்.

தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் திருவருட்பாவும் மின்னூலாயிற்று. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அத்திட்டத்தின் மின்னூல் முகப்பில் இடம்பெறும். முகப்பை நீக்காமல் யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்பது நிபந்தனை. கூலியில்லா உழைப்புக்கு இது நியாயமான கைம்மாறு. ஆனால் படிகள் பரவியபின் ஒரு பெயரைத் திருத்த நினைத்தால், எல்லாப் படிகளையும் யார் தேடிப் பிடிப்பது?

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், இந்தச் சிக்கலைக் கருவிக்குள்ளேயே இறுக்கி வைத்தது. கமிட் எனப்படும் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும் பெயரும் மின்னஞ்சலும் சேர்கின்றன. கமிட்டின் அடையாள எண் அவற்றையும் உள்ளடக்கிக் கணக்கிடப்படுவதால், ஒரு பெயரை மாற்றினால் அதற்குப் பின்வந்த எல்லாக் கமிட்டுகளின் எண்களும் மாறிவிடும். மெயில்மேப் கோப்பில் புதுப்பெயரை இணைக்கலாம். அது காட்சியை மாற்றுமே தவிர, அடியில் கிடக்கும் பழைய பதிவைத் தொடாது.

தமிழ்நாட்டில் பெயர் மாறுவது அரிதா என்ன? 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்துக்குப் பின் சாதிப் பின்னொட்டைத் துறந்தவர்கள் ஏராளம். திருமணத்தோடு இனிஷியலை மாற்றும் பெண்கள் உண்டு; தாமே தேர்ந்த பெயரில் வாழும் திருநங்கையருக்குப் பழைய பெயர் வெளிப்படுவது காயம், சில வேளை ஆபத்தும்கூட. கல்லூரி தந்த மின்னஞ்சலில் முதல் கமிட்டை இடும் மாணவிக்கு, படிப்பு முடிந்தபின் அம்முகவரி இல்லாமல் போகலாம். பதிவில் மட்டும் அது நிலைக்கும்.

உண்மைப் பெயர் வேண்டும் என்போர் பக்கமும் காரணம் உண்டு. லினக்ஸ் நிரலின் மூலம் குறித்து எஸ்சிஓ நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்கை அடுத்து, நிரலின் மூலத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கும் சான்றை லினக்ஸ் 2004இல் கொண்டுவந்தது. புனைபெயர் அங்கே ஏற்கப்படவில்லை. 2023இல் அவ்விதி தளர்ந்து, அறியப்பட்ட அடையாளம் போதும் என்றானது. பொறுப்பேற்க ஆளைத் தொடர்புகொள்ள முடிந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் தேவையில்லை என்பதை இம்மாற்றம் ஏற்கிறது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் உரிமை தருகிறது. ஆனால் ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே பொறுப்பு திட்ட நிர்வாகிகளிடமே வந்து சேர்கிறது. எந்தப் பெயர் வெளியே தெரியலாம் என்று முதல் கமிட்டுக்கு முன்பே கேட்க வேண்டும். கிட்ஹப் தரும் மறைமுக முகவரியைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும். உண்மையான தொடர்பு விவரங்களை நிரல் களஞ்சியத்துக்கு வெளியே, தேவைப்பட்டால் அழிக்கத்தக்க இடத்தில் வைக்க வேண்டும்.