திண்மப் பரப்புப் பலகையில் சீரொளிப் பொறிப்பும் நிறம் நிரப்பலும்

திண்மப் பரப்புப் பலகையில் சீரொளிப் பொறிப்பு என்பது, சமையல் மேடை, கழுவுதொட்டி மேடை, வரவேற்பு மேசை முதலியவற்றுக்குப் பயன்படும் ஒருவகைச் செயற்கைப் பலகையின் மேற்பரப்பில், சீரொளி (லேசர்) கொண்டு எழுத்து, கோலம், சின்னம் ஆகியவற்றைப் பள்ளமாகப் பொறிக்கும் முறையாகும். அப்பள்ளத்தில் வண்ணப்பூச்சையோ நிறமேற்றிய பிசினையோ இட்டு மட்டப்படுத்துவது நிறம் நிரப்பல் எனப்படும். மரத்தில் சீரொளி பட்ட இடம் கருகுவதால் எழுத்து தானாகவே கருமையாகத் தெரியும். இப்பலகையில் அவ்வாறு நிகழ்வதில்லை; வெண்ணிறப் பலகையில் பொறித்த எழுத்து ஏறத்தாழ வெண்மையாகவே இருக்கும். எனவே இங்கு நிறம் நிரப்பல் அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. எழுத்தைப் படிக்கக்கூடியதாக்குவதே அதுதான்.

பலகையின் இயல்பு

வணிகத்தில் "சாலிட் சர்ஃபேஸ்" என அழைக்கப்படும் இப்பலகை, மேல்தாள் ஒட்டிய மரத்தூள் பலகையிலிருந்து வேறுபட்டது. இதில் மேற்பரப்பு, உட்பகுதி என இரண்டு அடுக்குகள் இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை, ஒரே நிறம். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பல்லுறுப்பியும் (பாலிமர்), மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் ஐதராக்சைடு என்னும் வெண்ணிறக் கனிமத் தூளும் கொண்டது. சில வகைகளில் அக்ரிலிக்குக்குப் பதிலாகப் பாலியெசுத்தர் பிசின் பயன்படுகிறது. மேடைகளுக்கு 12 மி.மீ. தடிப்புள்ள பலகையும், சுவர்களுக்கு 6 மி.மீ. பலகையும் பரவலாக விற்கப்படுகின்றன.

உட்பகுதியும் ஒரே பொருளாக இருப்பதால், கீறல் விழுந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் புதுப்பிக்கலாம். இதுவே இப்பலகையின் முதன்மையான சிறப்பு. ஆனால் பொறிப்பு வேலையில் இதே சிறப்பு ஒரு கட்டுப்பாடாகவும் அமைகிறது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பள்ளத்தின் ஆழம் குறைகிறது.

வரலாறு

இவ்வகைப் பலகையை அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் டொனால்டு சுலோகம் 1967ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது கொரியன் என்னும் வணிகப் பெயரில் சந்தைக்கு வந்தது. பின்னர் எல்ஜி குழுமத்தின் ஹை-மேக்ஸ், சாம்சங் குழுமத்தின் ஸ்டாரான் போன்ற கொரியத் தயாரிப்புகளும் இத்துறையில் இறங்கின.

பொறிப்புக்குப் பயன்படும் கருவியின் வரலாறும் ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்தது. முதல் சீரொளியைத் தியோடர் மைமன் 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இயூசு ஆய்வகத்தில் இயக்கிக் காட்டினார். இந்தியாவின் பாராமதியில் பிறந்த சி. குமார் பட்டேல், 1964ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு சீரொளியைக் கண்டுபிடித்தார். இன்று மரம், அக்ரிலிக், தோல் ஆகியவற்றைப் பொறிக்கும் பெரும்பாலான பட்டறை எந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இயங்குமுறை

கார்பன் டை ஆக்சைடு சீரொளியின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். இந்த அகச்சிவப்புக் கதிரை அக்ரிலிக் நன்கு உட்கவர்கிறது. எனவே ஆற்றல் முழுவதும் மேற்பரப்பின் மெல்லிய படலத்திலேயே வெப்பமாக மாறுகிறது. அப்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன.

முதலாவதாக, அலுமினியம் ஐதராக்சைடு 200 °செ. வெப்பநிலையைத் தாண்டும்போது சிதையத் தொடங்கி, நீராவியை வெளிவிட்டு அலுமினாவாக மாறுகிறது. இவ்வினை வெப்பத்தை உறிஞ்சும் வினை என்பதால், சுற்றுப்புறம் சூடேறுவது தடுக்கப்படுகிறது. இக்கனிமம் நெகிழிகளில் தீத்தடுப்பானாகப் பயன்படுவதும் இப்பண்பினாலேயே ஆகும். இரண்டாவதாக, அக்ரிலிக் பல்லுறுப்பி ஏறத்தாழ 300 °செ. அளவுக்கு மேல் கரியாகாமல், தன் அடிப்படை மூலக்கூறான மெத்தில் மெத்தாக்ரிலேட்டு ஆவியாகப் பிரிந்து செல்கிறது. ஆகவே பள்ளத்தில் எஞ்சுவது பெரும்பாலும் வெண்ணிறத் தூளே, கரி அன்று.

ஓர் எடுத்துக்காட்டு: 1 சதுர செ.மீ. பரப்பை 1 மி.மீ. ஆழத்துக்குப் பொறிப்பதாகக் கொள்வோம். நீக்கப்படும் கனஅளவு 0.1 கன செ.மீ.; பலகையின் அடர்த்தி ஏறத்தாழ 1.7 ஆதலால் எடை 0.17 கிராம். இதில் கனிமம் 0.11 கிராம். அது முழுவதும் சிதையுமெனில், எடையில் 34.6 விழுக்காடு நீராகப் பிரியும். அதாவது ஏறத்தாழ 40 மில்லிகிராம் நீராவி அச்சிறு பள்ளத்திலிருந்து வெளியேறும்.

கருநிறப் பலகையில் இவ்வெண்தடம் தொடக்கத்தில் எடுப்பாகத் தெரியும். ஆனால் அது சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறுவதால் தோன்றும் வெண்மையே. ஈரமோ எண்ணெயோ பட்டால் மங்கிவிடும்.

கற்றையின் நுண்மை

சீரொளிக் கற்றை வில்லையால் குவிக்கப்படும் புள்ளியின் விட்டமே வரையக்கூடிய கோட்டின் குறைந்த அகலத்தைத் தீர்மானிக்கிறது. அலைநீளம், குவியத் தொலைவு, 4 ஆகியவற்றின் பெருக்குத்தொகையைக் கற்றை விட்டம், பை ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் இவ்விட்டம் தோராயமாகக் கிடைக்கும். குவியத் தொலைவு 50 மி.மீ., கற்றை விட்டம் 6 மி.மீ. எனில் புள்ளியின் விட்டம் 0.11 மி.மீ. ஆகும். ஆகவே ஓர் அங்குலத்துக்கு 250 வரிகள் (வரிக்கு வரி 0.1 மி.மீ.) என்ற அளவில் பொறித்தால் வரிகளுக்கிடையே மேடு எஞ்சாது. இதைவிட நெருக்கமாக வரிகளை அமைத்தால் நுண்மை கூடுவதில்லை, வெப்பம்தான் கூடுகிறது.

செய்முறை

1. பலகை சமதளமாக வைக்கப்பட்டு, குவியம் மேற்பரப்பில் சரிசெய்யப்படுகிறது.
2. வண்ணப்பூச்சு நிரப்புவதாயின் பரப்பின்மேல் காகித ஒட்டுநாடா ஒட்டப்பட்டு, அதன் ஊடாகவே பொறிக்கப்படுகிறது.
3. ஆழமான பள்ளம் ஒரே ஓட்டத்தில் எடுக்கப்படாமல், குறைந்த ஆற்றலில் பல ஓட்டங்களாக எடுக்கப்படுகிறது.
4. பள்ளத்தில் எஞ்சிய தூள் மென்தூரிகையாலும் உறிஞ்சியாலும் அகற்றப்பட்டு, ஆல்ககால் நனைத்த துணியால் துடைக்கப்படுகிறது. தூள் எஞ்சியிருந்தால் பிசின் பலகையைப் பற்றாமல் தூளையே பற்றும், பின்னர் பெயர்ந்துவிடும்.
5. நிறம் நிரப்பி உலரவிடப்படுகிறது.
6. நாடா உரிக்கப்படுகிறது, அல்லது மிகுதிப் பிசின் தேய்த்து மட்டப்படுத்தப்படுகிறது.

நிரப்பு பொருள்கள்

அக்ரிலிக் வண்ணப்பூச்சு: எளியது, மலிவானது. பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் மட்டும் படிவதால் எழுத்து பள்ளமாகவே இருக்கும். பெயர்ப்பலகைக்கு ஏற்றது, அடிக்கடி துடைக்கப்படும் மேடைக்கு ஏற்றதன்று.

எப்பாக்சி பிசின்: நிறமி கலந்து பள்ளம் நிறைய ஊற்றி, இறுகியபின் மட்டமாகத் தேய்க்கலாம். காற்றுக்குமிழ் சிக்குவது பொதுவான குறை. நீண்டகாலம் வெயில் பட்டால் மஞ்சளிக்கும் என்பதால் வெளிப்புறத்தில் வெளிர்நிறங்களுக்கு ஏற்றதன்று.

பலகை இணைப்புப் பசை: பலகைகளை ஒன்றோடொன்று இணைக்க விற்கப்படும் இருகூற்றுப் பசை. பொதுவாகப் பிசின் 10 பங்கு, இறுக்கி 1 பங்கு என்ற விகிதத்தில் கலக்கப்படுகிறது. அக்ரிலிக் பலகையின் அதே வேதிக்குடும்பத்தைச் சேர்ந்ததால் பள்ளத்தின் சுவரோடு உறுதியாகப் பிணைகிறது. பலகைகளின் நிறங்களுக்கு ஏற்பவே தயாரிக்கப்படுவதால், ஒரு பலகையின் நிறத்தை மற்றொன்றில் பதிக்க முடிகிறது.

ஆழமும் ஆயுளும்

பொறிப்பின் ஆயுளை முடிவு செய்வது நிரப்பு பொருளைவிட ஆழமே. ஒரு முறை தேய்த்துப் புதுப்பிக்கும்போது 0.05 மி.மீ. குறைவதாகக் கொண்டால், 0.2 மி.மீ. ஆழமுள்ள எழுத்து நான்கு முறையில் அடியோடு மறைந்துவிடும், 1 மி.மீ. ஆழமுள்ளது இருபது முறை தாங்கும். எனவே தேய்த்துப் புதுப்பிக்கப்படும் மேடைகளில் பள்ளம் ஆழமாகவும் முழுவதும் நிரம்பியதாகவும் இருத்தல் வேண்டும். நேர்ச்சுவர் கொண்ட பள்ளமாயின் தேய்ந்தாலும் எழுத்தின் தடிப்பு மாறாது. சரிவான சுவராயின் தேயத் தேய எழுத்து மெலியும். அக்ரிலிக் 100 °செ. அளவில் இளகத் தொடங்குவதால், சூடான பாத்திரங்களை நேரடியாக வைக்கும் இடத்திலும், காய்கறி நறுக்கும் இடத்திலும் பொறிப்பைத் தவிர்ப்பது நல்லது.

பிழையாகப் பொறிக்கப்பட்டது ஆழம் குறைந்ததாயின் தேய்த்து நீக்கலாம். ஆழமானதைப் பலகையின் நிறத்திலேயே உள்ள இணைப்புப் பசையால் நிரப்பி மறைக்கலாம்.

சுழல் அலகு முறையுடன் ஒப்பீடு

கணினிவழி இயங்கும் சுழல் அலகு எந்திரத்தாலும் இப்பலகையைச் செதுக்கலாம். 3 மி.மீ. உருளை அலகு எழுத்தின் உள்மூலைகளில் 1.5 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுச்செல்லும். சீரொளி கூர்மூலைகளைத் தரும். மறுபுறம், சில மி.மீ. ஆழமும் சமமான அடித்தளமும் தேவைப்படும்போது சுழல் அலகே விரைவானது. சிறிய எழுத்துக்குச் சீரொளி, பெரிய பதிப்புக்குச் சுழல் அலகு எனப் பல பட்டறைகள் இரண்டையும் பயன்படுத்துகின்றன. சிறிய இருமுனையச் சீரொளிகளின் நீலக்கதிரை (450 நானோமீட்டர்) வெண்ணிறப் பலகை பெரிதும் எதிரொளித்துவிடுவதால், அவை இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல.

பாதுகாப்பு

மெத்தில் மெத்தாக்ரிலேட்டு ஆவி கண், மூக்கு, தொண்டை ஆகியவற்றை எரிச்சலூட்டும், எளிதில் தீப்பற்றும். எனவே புகையை வெளியேற்றும் விசிறியும், பொறிக்கும் முனையில் காற்று வீச்சும் கட்டாயமானவை. எந்திரம் இயங்கும்போது அதை விட்டு அகலக்கூடாது. பாலியெசுத்தர் பலகையிலிருந்து சுடைரீன் ஆவியும் புகைக்கரியும் வெளிப்படும். மறைப்புக்காக ஒட்டும் தாள் பாலிவினைல் குளோரைடாக இருத்தல் கூடாது. அதன்மீது சீரொளி பட்டால் ஐதரசன் குளோரைடு வாயு உண்டாகி நுரையீரலையும் எந்திரத்தையும் கெடுக்கும்.

தேய்க்கும்போது எழும் நுண்தூளும் கவனத்துக்குரியது. இத்தகைய பலகைத் தூளை நீண்டகாலம் சுவாசித்த ஒருவருக்கு ஏற்பட்ட நுரையீரல் நார்த்திசுப் பெருக்கத்தை அத்தூளுடன் தொடர்புபடுத்தி, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2014ஆம் ஆண்டில் ஒரு கடிதம் வெளியானது. ஒரே ஒருவரின் நோய் காரணத்தை நிறுவப் போதுமானதன்று. எனினும் தூள் உறிஞ்சியும் முகக்கவசமும் இன்றித் தேய்க்கலாகாது என்பதற்கு அது போதிய காரணமாகும்.

இப்பலகையைப் படிகக்கல் தூளால் செய்யப்படும் செயற்கைக் கல்லுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. செயற்கைக் கல்லின் தூளில் படிகச் சிலிக்கா மிகுந்திருப்பதால் சிலிக்கோசிசு நோய் உண்டாகிறது. அதன் காரணமாக ஆத்திரேலியா 2024 சூலை 1 முதல் அக்கல்லின் உற்பத்தி, விற்பனை, பொருத்துதல் ஆகியவற்றைத் தடைசெய்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுண்டு. ஆகவே வேலையைத் தொடங்குமுன் பலகையின் பாதுகாப்புத் தரவுத்தாளைப் பார்த்து, அது எப்பொருளால் ஆனது என உறுதி செய்துகொள்ள வேண்டும்.