பார்லிச் சக்கையும் சோளச் சக்கையும்

நுவரெலியாவில் 1881இல் பியர் ஆலை எழுந்தது துரைமாரின் தாகத்துக்காக. உற்பத்தி பின்னாளில் பியகமவுக்கு இறங்கிவிட்டாலும், பியர் வடித்த பார்லிச் சக்கை கறவை மாட்டுக்கு நல்லது என்பது மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கோழித்தீன் மூடை விலை ஏறும்போதெல்லாம் அடுத்த கேள்வி எழும்: மாடு தின்பதைப் புரொய்லர் கோழிக்குப் போட்டால் என்ன? வெளிநாட்டில் மது ஆலைக் கழிவைத் தின்றுதானே கோழி வளர்கிறது என்பார்கள். வளர்கிறது, உண்மை. ஆனால் அது வேறு கழிவு.

பியர் ஆலையில் முளைகட்டிய பார்லியை நொறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுத்த பிறகுதான் ஈஸ்ட் சேர்ப்பார்கள். சக்கை அதற்கு முன்பே வெளியே வந்துவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழியும். எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் பெரும்பகுதி உமி. தானியத்திலிருந்து மதுசாரம் காய்ச்சும் ஆலையில் இப்படி வடிப்பதில்லை. அரைத்த சோளம் முழுதாக நொதிக்கிறது. மதுசாரம் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் கூழில் செத்த ஈஸ்டும் கலந்திருக்கும். அதை உலர்த்தினால் கிடைப்பதுதான் தீன் வியாபாரிகள் சொல்லும் டிடிஜிஎஸ். நூறு கிலோ சோளத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோ மிஞ்சும். மாச்சத்து போய்விட்டதால் புரதம், கொழுப்பு, நார் எல்லாம் மும்மடங்கு செறிந்திருக்கும். சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்திருந்தால் அதுவும் மும்மடங்கு.

உலரவைத்துப் பார்த்தால் இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட கால் பங்கு இருக்கும். இந்த ஒற்றுமைதான் ஆளை ஏமாற்றுகிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நாரையும் உணவாக்கிவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை. புரொய்லர் தீனில் நார் ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பார்லிச் சக்கையிலோ அது பதினைந்துக்கு மேல். இரைப்பை நிறையும், எடை ஏறாது.

மலையகத்தில் இது இன்னும் மோசமாகும். ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,900ஐ நெருங்கும். குளிரில் நிற்கும் கோழி தின்றதில் ஒரு பங்கை உடம்பைச் சூடாக வைக்கவே எரிக்கிறது. அதற்குத் தேவை செறிந்த தீன். உமியால் நீர்த்த தீன் அல்ல. இன்னொன்று, பார்லியின் பிசின் போன்ற நார் எச்சத்தை ஈரமாக்கி ஒட்டவைக்கும். மூடுபனிக் காலத்தில் கூட்டுக்குள் போட்ட மரத்தூள் ஏற்கெனவே காய்வதில்லை. அதில் இதுவும் சேர்ந்தால் காலையில் கதவைத் திறக்கும்போதே அமோனியா கண்ணை எரிக்கும். கோழிக்குப் பாதப்புண் வரும், இரத்தக் கழிச்சலுக்கும் வழி திறந்துவிடும்.

டிடிஜிஎஸ் கோழிக்கு ஒத்துப்போகும். நொதித்ததால் பொஸ்பரஸ் எளிதில் உடம்பில் சேரும். மஞ்சள் சோளத்திலிருந்து வந்தால் தோலுக்கு நிறமும் கிடைக்கும். அதன் குறை லைசின் என்ற அமினோ அமிலம். சோயாப் புண்ணாக்கில் இருப்பதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை; உலர்த்தும் சூடு கூடினால் இருப்பதும் கெடும். பொன்னிறமும் இனித்த வாசமும் இருந்தால் வாங்கலாம். கருத்து, கருகிய வாடை வீசினால் என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். குஞ்சுத் தீனில் ஐந்து சதவீதம், வளர்ந்த கோழிக்குப் பத்துக்குச் சற்று மேல் என்பது பத்திரமான அளவு. கூடவே தனி லைசினும் சேர்க்கவேண்டும்.

இந்தியாவில் எத்தனோல் ஆலைகள் பெருகியபின் நொறுங்கரிசியிலிருந்தும் டிடிஜிஎஸ் வருகிறது. அதில் புரதம் நாற்பது சதவீதத்தைத் தாண்டும். சோயாப் புண்ணாக்குக்கே போட்டி. நம் நாட்டுச் சாராயமோ பெரும்பாலும் தென்னங்கள்ளிலும் கரும்புப் பாகிலும் பிறப்பது. அதில் தானியச் சக்கை ஏது? ஆகவே டிடிஜிஎஸ் கப்பலில் வந்து தீன் ஆலைக்குள் போகவேண்டிய பொருள்.

ஆகவே லயத்துக்குப் பின்னால் ஐம்பது புரொய்லர் வளர்ப்பவருக்கு இரண்டுமே கைக்கலவைக்கு உதவாது. மூடையில் வரும் தீன் அளவு பார்த்துக் கலந்தது. அதில் கால்வாசி சக்கையைக் கொட்டினால் மிச்சமாகும் காசைவிட, விற்கும் நாள் தள்ளிப்போவதால் போகும் காசு அதிகம். மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கு ஒரு கைப்பிடி பார்லிச் சக்கை இறைப்பதில் கெடுதல் இல்லை. மற்றதைப் புளித்துப் பூஞ்சை பிடிக்குமுன், இரண்டு மூன்று நாளுக்குள், மாட்டுக்கே போட்டுவிடலாம்.